அதிமதுரக் குச்சியும் சலக் குளிசையும்

புதிதாக மருந்துக் கூடத்துக்குப் போகிற உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். என் பழக்கப்படி முதலில் ஒரு பட்டியல் போட்டேன். எதைப் பூட்டி வைப்பது, எந்த மருந்தின் பெயர் எதைப் போல ஒலித்து ஆளைக் குழப்பும், எந்தக் கிழமையில் சனம் கூடும். முடித்துவிட்டுப் பார்த்தால் எல்லாம் உங்கள் பயிற்சிப் புத்தகத்திலேயே இருக்கிறது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன். புத்தகத்தில் இல்லாத ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

நான் இப்போது கொழும்பில், குளிரூட்டிய அறையில் வேலை செய்கிறேன். விற்பதற்கு அனுமதி கேட்டு வரும் மூலிகைத் தயாரிப்புகளின் கோப்புகளை வாசிப்பது என் வேலை. ‘உடம்பில் தேங்கும் நீரை இயற்கையாக வெளியேற்றும்’ என்று எழுதிய பெட்டிகள் அடிக்கடி வரும். உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, யாருக்குக் கொடுத்துப் பார்த்தீர்கள், அவர்கள் அந்த நேரத்தில் வேறு என்ன குடித்தார்கள் என்று கேட்டு அனுப்புவேன். கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் வராது. நல்ல வேலைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கோப்புக்குக் கால் வீங்குவதில்லை. கோப்பு யன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, “மிஸ், எனக்கு முந்தித் தாங்க, குறிஞ்சாக்கேணிக்குப் போக வேணும், ஓட்டோக்காரன் ஏசுறான்” என்று கெஞ்சுவதில்லை. மத்தியானத்தில் கண்ணாடி யன்னலைப் பார்த்துக்கொண்டு இருக்கும்போது, அந்தக் கெஞ்சலைக் கேட்க வேண்டும்போல் இருக்கும்.

நான் கிளிவெட்டிக்காரி. முதல் நியமனம் கிண்ணியாப் பக்கத்தில் ஒரு சிறிய அரச வைத்தியசாலையில் கிடைத்தது. பக்கத்திலேயே ஒரு அறை எடுத்துத் தங்கினேன். மருந்து கொடுக்கும் யன்னலுக்கு நேரே மதில், மதிலுக்கு அப்பால் வளவு, வளவுக்கு அப்பால் பள்ளிவாசல். அங்கே தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்லும் மோதினாரை முகத்தால் அறிவதற்கு முன்பே குரலால் அறிந்திருந்தேன். மத்தியானத்து லுஹர் பாங்கு கேட்டால் எங்களுக்குச் சாப்பாட்டு நேரம். நீண்ட வரி ஒன்றை அவர் ஒரே மூச்சில் இழுத்துக்கொண்டு போய், கடைசியில் மெல்ல இறக்கி வைப்பார். எனக்கு அதன் பொருள் முழுவதும் தெரியாது. அந்த இறக்கத்துக்காகக் குளிசை எண்ணுகிற கை ஒரு கணம் நிற்கும்.

பிறகு அவர் கிளினிக் நாட்களில் என் யன்னலுக்கு வரத் தொடங்கினார். இதயம் பலவீனப்பட்டு, உடம்பில் தண்ணீர் தேங்கும் வருத்தம். அந்தத் தண்ணீரைச் சலமாக வெளியேற்றும் பிரூசமைட் எழுதியிருந்தார்கள். ஊரில் அதற்குப் பெயர் சலக் குளிசை. கூடவே பிரஷருக்கு எனலாப்ரில். ஒவ்வொரு முறையும் கால் கொஞ்சம் கூடுதலாக வீங்கியிருந்தது, சலக் குளிசையும் கூடிக்கொண்டு போனது. பாங்கும் மாறியது. நீண்ட வரி நடுவில் அறுந்தது. அறுந்த இடத்தில் ஒலிபெருக்கி அவர் மூச்சு வாங்குவதையும் ஊருக்குச் சொன்னது.

நான் சொல்ல வந்த நாளில் யன்னலுக்கு முன்னால் வரிசை மாமரம் வரை நின்றது. மோதினார் மருந்துத் துண்டை நீட்டினார். சலக் குளிசை இரண்டு மடங்காக்கப்பட்டிருந்தது. நான் எடுத்து எண்ணிக்கொண்டிருக்கும்போது, அவர் கையில் இருந்த தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறக்கப் பார்த்தார். முடியவில்லை. கூட வந்திருந்த மனைவி வாங்கி ஒரு திருகில் திறந்து கொடுத்தார். எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

“ஐயா, வேற ஏதும் மருந்து எடுக்கிறீங்களோ?”

“இல்ல மகள்.”

“நாட்டு மருந்து, கசாயம் ஏதும்?”

“இல்ல. நீங்க தாறது மட்டுந்தான்.”

மனைவி போத்தலை மூடிக்கொண்டே, “அந்தப் புள்ள கேக்கிறாவே. வாயில என்ன இரிக்கிண்டு சொல்லுங்களன்” என்றார்.

“அது மருந்தா?”

“மருந்தோ மண்ணோ. மாசக் கணக்கா, சுபஹ்ல இரிந்து ராவு வரைக்கும் சப்புறாரு மிஸ், அணில் மாதிரி. பாயில தும்பு, தலகாணியில தும்பு. கூட்டிக் கூட்டி எனக்கு முதுகு முறிஞ்சி போச்சி.”

“நேத்து ஆடு எண்டா. இண்டைக்கு அணில்” என்றார் மோதினார் என்னிடம், மூச்சு வாங்கி வாங்கி. பிறகு சட்டைப் பையில் இருந்து ஒன்றை எடுத்துப் பலகையில் வைத்தார். நுனி நார்நாராகப் பிரிந்த அதிமதுரக் குச்சி. “தொண்டைக்கு, மகள். இது இல்லாட்டி பாங்கு வராது. கடையில கட்டாக வாங்குவன்.”

அவர் என்னிடம் பொய் சொல்லவில்லை. நான்தான் மருந்து என்று கேட்டேன். அவருக்கு அது மருந்து அல்ல, குரல்.

“ராவில கெண்டைக்கால் பிடிச்சு இழுக்குதோ ஐயா?”

“இழுக்குது. வயசுதானே.”

அதிமதுரம் உடம்புக்குள் போய்ச் செய்வது இதுதான். உப்பையும் தண்ணீரையும் பிடித்து வை, பொட்டாசியத்தை வெளியே விடு என்று சிறுநீரகத்துக்குச் சொல்கிறது. இருமலுக்கு ஓரிரு நாள் அவித்துக் குடிப்பவருக்கு இதனால் ஒன்றும் ஆகாது. மாதக் கணக்காக நாள் முழுவதும் சப்பினால் கால் வீங்கும், பிரஷர் ஏறும். சலக் குளிசை தண்ணீரை வெளியேற்றும், அதுவும் தன் பங்குக்குப் பொட்டாசியத்தைக் கொண்டு போகும். ஆக, தண்ணீர் விஷயத்தில் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டின, பொட்டாசியத்தைப் பறிப்பதில் மட்டும் ஒற்றுமையாக இருந்தன. பொட்டாசியம் மிகவும் குறைந்தால் கைகால் சோரும், தசை இழுக்கும், இதயம் தாளம் தவறும். பலவீனப்பட்ட இதயத்தில் அந்தத் தவறு ஆளைக் கொண்டு போய்விடும். என் கையில் இருந்த குளிசைகள் அவரை அந்தப் பக்கம்தான் தள்ளப்போகின்றன என்று நினைத்தேன்.

நினைத்தேன் என்றுதான் எழுதுகிறேன். தெரியும் என்று அல்ல. இரத்தச் சோதனை இல்லை, மூடி திறக்காத ஒரு போத்தலும் ஒரு குச்சியும்தான் இருந்தன. உங்களுக்கும் இப்படித்தான் வரும், முழுவதுமாக வராது. கொடுத்து அனுப்பிவிட்டு, அடுத்த கிளினிக்கில் கவனிக்கும்படி துண்டில் எழுதிவிடலாம். அதில் யாரும் பிழை பிடிக்க முடியாது. ஆனால் அடுத்த கிளினிக் வரை அவர் இருப்பாரா என்பதுதான் கேள்வி.

யன்னலைச் சாத்தினேன்.

“சாத்திட்டா. இனித் தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் வருவா” என்றது வரிசையில் ஒரு குரல்.

“மோதினார், என்னத்தச் சொல்லி மிஸ்ஸ எழுப்பினீங்க? எங்களையும் சேத்துப் பட்டினி போடவா?”

“குச்சியக் காட்டினன். பயந்திட்டா” என்றார் அவர்.

டொக்டரின் அறைக்கு நடக்கும்போது சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்திக்கொண்டேன். இந்தப் பழக்கத்துக்காக என்னைக் கேலி செய்யாதவர்கள் குறைவு, ஆனாலும் நீங்களும் பழகிக்கொள்ளுங்கள். பயந்தபடி அறைக்குள் போனால் முதலில் வாயில் வருவது உங்கள் பயம்தான், நோயாளியின் நிலைமை அல்ல.

அவர் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்திருந்த இளம் டொக்டர். மேசையைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள்.

“டொக்டர், மோதினாருக்குச் சலக் குளிசை குடுக்காமல் வந்திருக்கிறன்.”

“ஏன், ஸ்டொக் இல்லையோ?”

“இருக்கு.”

“பிறகென்ன? வெளியில சனத்தைப் பாத்தனீங்களே?”

“பாத்தனான். அவர் மாதக் கணக்கா நாள் முழுக்க அதிமதுரம் சப்புறார். ராவில கெண்டைக்கால் இழுக்குதாம். போத்தல் மூடி திறக்க ஏலாமல் நிக்கிறார்.”

பேனை நின்றது. “அதிமதுரமோ? எங்கட அம்மா இருமலுக்கு அவிச்சுத் தாறவ.”

“எங்கட வீட்டிலயும்தான் டொக்டர். ஆனா ஒரு கோப்பை. இவர் கட்டுக் கட்டா.”

“நீங்கள் நினைக்கிறது பிழையெண்டால்?”

“ஒரு ஈசிஜி வீண். வரிசையில நிக்கிறவை என்னைப் பேசுவினம்.”

அவர் பேனையை மூடி வைத்தார். பிறகு எழும்பி வந்தார்.

ஈசிஜித் தாளை நான் வாசிக்கப் படித்தவள் அல்ல, டொக்டரின் முகத்தை வாசித்தேன். மோதினாரை அங்கேயே கட்டிலில் படுக்க வைத்தார்கள். கிண்ணியாப் பாலத்துக்கு அந்தப் பக்கம், திருகோணமலைக்கு அனுப்பிய இரத்தத்தின் முடிவும் அதையே சொன்னது. பொட்டாசியம் பயப்படும் அளவுக்கு இறங்கியிருந்தது. டொக்டர் வார்ட்டில் இருந்து யன்னலுக்கு ஆள் அனுப்பினார். குச்சியை நிறுத்தியாயிற்று, பொட்டாசியம் கொடுக்கிறோம், அந்த மிஸ்ஸுக்குச் சொல்லுங்கள் என்று.

கதை இங்கே முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். நிறுத்தச் சொல்வது இலகு. அடுத்த நாள் வேலை முடிந்து வார்ட்டுக்குப் போனேன். மோதினார் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். மனைவி கதிரையில் இருந்து எழும்பி எனக்கு இடம் விட்டார்.

“கதைக்கிறார் இல்ல மிஸ். சோறும் வேணாமாம்.”

“ஐயா, என்னோட கோபமோ?”

அவர் திரும்பினார். “உங்களோட என்ன கோபம் மகள். நீங்க உசிரக் காப்பாத்தினதெண்டு டொக்டர் சொல்றார். குச்சி இல்லாட்டி தொண்டை திறக்காது. பாங்கு சொல்ல ஏலாட்டி அந்த உசிர வெச்சி நான் என்ன செய்ய?”

“அல்லாட காவல். என்ன கதை இது?” என்றார் மனைவி.

“பள்ளிவாசல் நிருவாகம் ஒரு இளம் மௌலவியப் போட்டிரிக்கி. நேத்து இங்க இரிந்து கேட்டன். நல்ல குரல். எனக்கே கேட்டிட்டு இரிக்க ஆசையா இரிந்திச்சி.” கொஞ்சம் நிறுத்தி மூச்சு எடுத்தார். “அதுதான் மகள் பயம்.”

அவரிடம் ஒன்று கேட்டேன். இப்போதும் என்னிடம் யாராவது வந்தால் இதைத்தான் கேட்பேன். கண் முழிச்சதில இருந்து படுக்கும் வரைக்கும் வாய்க்குள்ள என்னென்ன போகுது, எந்த நேரத்தில போகுது, எதுக்காகப் போகுது. ஒவ்வொண்டாச் சொல்லுங்கோ.

அவர் விடியப்புறத்தில் தொடங்கினார். ஊர் எழும்ப முன்பு எழும்பி, ஒரு தேத்தண்ணியும் சலக் குளிசையும். உறையில் ‘காலை’ என்று நாங்கள் எழுதிக் கொடுத்திருந்தோம். அவருடைய காலை அதுதான். எங்களுக்குக் காலை என்றால் பாணும் பருப்பும் சாப்பிடும் நேரம். சுபஹ் பாங்கு சொல்லும்போது குளிசை வேலை தொடங்கிவிடும். தொழுகைக்கு முன்னால் கைகால் முகம் கழுவி வுழு எடுத்திருப்பார். சலம் கழித்தால் அது முறிந்துவிடும், மறுபடி எடுக்க வேண்டும். பாங்குக்கும் தொழுகைக்கும் இடையில் திரும்பத் திரும்ப ஓடினால், வரிசையில் நிற்கிறவர்கள் பார்ப்பார்கள்.

“அதனால?”

அவர் மனைவியைப் பார்த்தார்.

“சொல்லுங்க, சொல்லுங்க. இந்தப் புள்ளைக்கிட்ட ஒளிச்சி என்ன” என்றார் அவர்.

அதனால் பல நாள் குளிசையை விட்டிருக்கிறார். விட்ட நாளில் நெருஞ்சில் அவித்த தண்ணீர். அது மெதுவாகப் போகும், ஓட வைக்காது. குற்றம் செய்தவரைப் போல அதைச் சொன்னார். நெருஞ்சிலை நான் பழிக்கவில்லை. கொஞ்சம் சலம் போகும், உடம்புக்கு வேறு கோளாறு இல்லாதவருக்கு அது போதுமாகவும் இருக்கலாம். ஆனால் சோர்ந்த இதயத்தால் நுரையீரலில் தேங்கும் தண்ணீரை அது இறைக்கும் என்று இதுவரை எனக்கு யாரும் காட்டவில்லை. மெதுவாகப் போனதால் அது நல்லது என்று அவர் நினைத்தார். மெதுவாகப் போனதால்தான் பாங்கு நடுவில் அறுந்தது. குரலைப் பிடித்தது தொண்டை அல்ல, தண்ணீர்.

“குச்சி எப்ப தொடங்கினது ஐயா?”

“இருமல் வந்த நேரம். வறட்டு இருமல். தொண்டையில தும்பு நிக்கிற மாதிரி.”

“இருமல் எப்ப தொடங்கினது?”

அவருக்கு நினைவில்லை. மனைவிக்கு இருந்தது. “போன நோன்புக்குப் பொறகு. அந்தப் புதுப் பிரஷர் குளிசை தந்தீங்களே, அதுக்குப் பொறகுதான்.”

எனலாப்ரில் சிலருக்கு வறட்டு இருமல் கொடுக்கும். முதல் வருடத்திலேயே படிக்கிற விஷயம். எங்கள் குளிசை இருமலைக் கொடுத்தது, இருமலுக்குக் குச்சி, குச்சிக்கு வீக்கம், வீக்கத்துக்கு இன்னும் எங்கள் குளிசை. மூலிகை பாதுகாப்பானதா, இங்கிலீஷ் மருந்து பாதுகாப்பானதா என்று உங்களிடம் நாள்தோறும் கேட்பார்கள். அந்த வார்ட்டில் இருந்த எனக்கு இரண்டில் ஒன்றின் பக்கம் நிற்க வழியில்லை. எது, யாருக்கு, எதோடு சேர்த்து, எந்த நேரத்தில் என்று கேட்க மட்டுமே வழி இருந்தது.

டொக்டரிடம் போனேன். இந்த முறை அவர் கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். பிரஷர் குளிசையை இருமல் தராத வேறொன்றாக மாற்றினார். சலக் குளிசையைப் பழைய அளவிலேயே, சுபஹ் தொழுது வீட்டுக்கு வந்த பிறகு எடுக்கச் சொன்னார். அதன் வேகம் முன்பகலில் அடங்கிவிடும், லுஹருக்கு அவர் நிம்மதியாகப் பள்ளிவாசலில் நிற்கலாம். உறையில் ‘காலை’ என்பதற்குப் பதிலாக ‘சுபஹ் தொழுத பின்’ என்று எழுதினேன். அன்றில் இருந்து யாருக்கும் அவர்களுடைய காலை எது என்று கேட்காமல் ‘காலை’ எழுதியதில்லை.

மோதினாரை வீட்டுக்குக் கூட்டிப் போகும்போது மனைவி யன்னலுக்கு வந்தார். “குச்சி எல்லாத்தையும் அடுப்புக்குள்ள போட்டிட்டன் மிஸ். நல்லா எரியுது” என்றார். மோதினார் பின்னால் நின்று வெறும் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார்.

கிழமைகள் போயின. கால் வற்றியது, இருமல் தேய்ந்தது. பாங்கு மௌலவியின் குரலில் வந்துகொண்டிருந்தது. அழகான குரல், எங்கும் அறாது. நான் ஒவ்வொரு நாளும் லுஹருக்கு யன்னலைத் திறந்துவிட்டு, அவர் குரல்தானா என்று கேட்பேன். கூட வேலை செய்த நண்பி, “நீ என்ன, தொழப் போறியோ?” என்பாள். எனக்கு அது வேலையின் பகுதியாகத்தான் தோன்றியது. மருந்து வேலை செய்ததா என்று பார்க்க நாங்கள் கால் வீக்கத்தை அளக்கிறோம், நிறையை அளக்கிறோம். அவருக்கு அளவுகோல் அங்கேதான் இருந்தது, அந்த ஒலிபெருக்கியில்.

ஒரு நாள் மத்தியானம் ஒலிபெருக்கி கரகரத்தது, யாரோ செருமினார்கள். தொடங்கியதுமே வரிசையில் நின்ற ஒருவர், “மோதினார்” என்றார். குரல் முன்பு போல் இல்லை, அடியில் மணல் உரசியது. நீண்ட வரி வந்தது. அது முன்பு அறுகிற இடத்தில் நான் என் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவர் அந்த இடத்தைத் தாண்டினார், இழுத்துக்கொண்டு போனார், கடைசியில் மெல்ல இறக்கி வைத்தார். வரிசையில் ஒருவர், “மிஸ், முடிஞ்சிது. இனிக் குளிசையத் தாங்க” என்றார்.

நிருவாகம் அவருக்கு லுஹரை மட்டும் திருப்பிக் கொடுத்தது. அவருக்கு அது போதும் என்றார். மனைவி, “போதுமாம். வீட்ட வந்து நாலு தரம் சொல்லிக் காட்டுறார்” என்றார்.

பிறகு எனக்குக் கொழும்பில் வேலை கிடைத்தது. படித்த படிப்புக்கு ஏற்ற வேலை என்று வீட்டில் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம் என்றுதான் சொன்னேன். இங்கே என் அலுவலகத்தைச் சுற்றிப் பல பள்ளிவாசல்கள். மத்தியானத்தில் ஒன்றன் மேல் ஒன்றாகப் பாங்கு கேட்கும். தடித்த கண்ணாடியைத் தாண்டி எந்தக் குரலும் தனியாகத் தெரியாது. கோப்பை மூடிவிட்டுச் சில நேரம் கேட்பேன், மணல் உரசுகிற ஒன்றைத் தேடி.

உங்களில் ஒருவர் கிண்ணியாப் பக்கத்து அந்த யன்னலுக்குப் போகிறார் என்று அறிந்தேன். ஆகவே ஒரு வேலை தருகிறேன். லுஹர் நேரத்தில் யன்னலைத் திறந்து வையுங்கள். நீண்ட வரி ஒரே மூச்சில் போனால், மோதினார் குளிசையைச் சரியான நேரத்தில் எடுக்கிறார், உங்கள் வேலையைப் பாருங்கள். நடுவில் அறுந்தால் கிளினிக் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே ஆள் அனுப்பிக் கூப்பிட்டு, வாய்க்குள் என்ன போகிறது என்று கேளுங்கள். மனைவியையும் வரச் சொல்லுங்கள், அவர்தான் உண்மையைச் சொல்வார்.

வேறு யாருடைய குரலாவது கேட்டால், எனக்கு அறிவிக்க வேண்டாம்.